மார்த்தாண்டம் நர்சிங் யூனிபார்ம் கடை: தையலுக்கு போங்க, அந்த கிட்டுக்கு போவாதீங்க

முடிவ மொதல்லயே சொல்லிருதேன், அவசரத்துல இருக்கவங்க இதோட கெளம்பிரலாம். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில நர்சிங் யூனிபார்ம், வெள்ள ஷூ, பிபி செட்டுன்னு விக்கிற கடைங்க இருக்குல்லா, அதுல ஒரு கடைய பத்தித்தான் எழுதுதேன். தையல் ரொம்ப கொள்ளாம். ஷூ பாத்து எடுத்தா கொள்ளாம். "கிளினிக்கல் கிட்"டுன்னு ஒரு ஜிப் பை கட்டி விக்காங்க பாருங்க, அத தொடவே வேண்டாம், நர்சிங் அசிஸ்டன்ட் படிக்கவங்களுக்கு அதுல பாதி சாமானுக்கு வேலையே கெடையாது. கடை பேரு போடல, கொறையும் சேத்து சொல்லப் போறதுனால. அந்தப் பக்கம் போறவங்களுக்கு எப்படியும் ஆள் புடிபட்டுரும்.

எனக்க அண்ணன் பெண்டாட்டி, எங்க மைனி, புள்ளைங்க ரெண்டும் பெருசான பெறவு நர்சிங் அசிஸ்டன்ட் கோர்ஸுல சேந்தாங்க. ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்டுன்னு சர்டிபிகேட்டுல போடுவாங்களே அந்தக் கோர்ஸ். கிளாஸ் எல்லாம் இந்தப் பக்கம், கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுல நின்னு பழகுதது, போட்டது களியக்காவிளை தாண்டி அந்தப் பக்கம் கேரளாவுல ஒரு ஆசுத்திரில. நான் இந்த வேலையில ஏற்கனவே இருக்கேன், அதனால "பிள்ள, நீயும் வா, என்னத்த வாங்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கூட்டிட்டு போனாங்க. இன்ஸ்டிடியூட்டுல குடுத்த பேப்பர்ல நாலே வரிதான் இருந்துச்சு. யூனிபார்ம், வெள்ள ஷூ, செகண்ட் முள்ளு உள்ள வாச்சு, நோட்டு பேனா. அம்புட்டுதான். கடைக்காரர் அந்தப் பேப்பர வாங்கி ஒரு பார்வ பாத்துட்டு, அதுல இல்லாத சாமானா எடுத்து மேஜை மேல அடுக்க ஆரம்பிச்சாரு.

யூனிபார்ம்ல இருந்து வருவோம், ஏன்னா பைசா முக்காவாசி அங்கதான் போகும். துணி ரெண்டு தரம் காட்டுனாங்க, முழு காட்டன் ஒண்ணு, டெரிகாட் ஒண்ணு. கேட்டா எல்லாரும் காட்டன் எடுங்க உடம்புக்கு நல்லதுன்னுதான் சொல்லுவாங்க, அது நெசந்தான், ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு மழையும் நமக்கு உண்டு, காட்டன் துணிய இன்னைக்கு நனைச்சா நாளைக்கு விடியக்காலம் ஈரமாத்தான் கெடக்கும், அதையும் தேய்ச்சு போட்டுட்டு போய் நின்னா வார்டுல அந்த ஈர வாடை நமக்கே குமட்டும். டெரிகாட் ராத்திரி பேனுக்கு கீழ போட்டா காலையில காஞ்சுரும், தேய்க்கவும் பெருசா வேண்டாம். அதுல காட்டன் கூட கலந்த துணியா கேளுங்க, இல்லன்னா முழு பாலியஸ்டர நம்ம தலையில கட்டிருவாங்க, அத போட்டா பத்து மணிக்கே முதுகு பூரா வேர்த்து ஒட்டிரும். எப்படி கண்டுபிடிக்கணும்னா ஒரு நூல உருவி தீயில கத்திச்சு பாருங்க, சாம்பலா உதுந்தா காட்டன், உருகி முத்தா நின்னா பாலியஸ்டர், ரெண்டுங்கெட்டானா பாதி உதுந்து பாதி உருகுனா கலப்பு. கடையில தீப்பெட்டி எடுத்தா மொறைப்பாங்க, ஒரு சின்ன துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி வெளிய கொண்டு போய் பாத்துக்கிடுங்க.

ரெண்டு செட்டு கண்டிப்பா வேணும், மூணு இருந்தா நிம்மதி. ஒரு செட்டுல சமாளிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, மொத நாளே யாராவது மேல வாந்தி எடுத்துரலாம், அதெல்லாம் அங்க ஒரு சங்கதியே கெடையாது.

இப்ப தையல். கடைக்கு பின்னால ஒரு சின்ன ரூம்ல ஒரு அக்கா மெஷின் போட்டு இருக்காங்க, இந்தக் கடைக்கு நான் குடுக்குத நல்ல பேரு எல்லாம் அந்த அக்காவுக்குத்தான். மைனிய நேரா நிக்க வச்சு அளவு எடுத்துட்டு போதும்னு விடல. "ரெண்டு கையையும் மேல தூக்குங்க"ன்னாங்க. தூக்குனாங்க. "இப்ப குனிஞ்சு கட்டில்ல பெட்ஷீட்ட சொருகுத மாரி செய்யுங்க"ன்னாங்க. மைனிக்கு சிரிப்பு வந்துட்டு. அந்த அக்கா சிரிக்கல, முதுகுல டேப்ப வச்சு, குனியும்போ எத்தன இஞ்ச் மேல ஏறுதுன்னு பாத்து, டாப்பு நீளத்த அதுக்கு தக்கன கூட்டி எழுதிக்கிட்டாங்க. கக்கத்துல கூடுதல் துணி விட்டாங்க. கை முட்டுக்கு மேலயே நிக்கணும்னு நான் சொல்ல வாயெடுக்கும் முன்னாலயே அவங்களே சொன்னாங்க, முழங்கைக்கு கீழ ஒண்ணும் இருக்கப்படாது, கை கழுவும்போ நனையும்னு. எத்தனையோ சிஸ்டர்மாருக்கு தைச்ச கை அது, தெரியுது.

பாக்கெட் ரெண்டு கீழ, ஒண்ணு நெஞ்சுல கேளுங்க. கீழ் பாக்கெட்டு ஓரத்துல ரெட்டத் தையல் போடச் சொல்லுங்க, பேனா நோட்டு சானிடைசர்னு போட்டு போட்டு அதுதான் மொதல்ல கிழியும். பேண்டுக்கு எலாஸ்டிக் மட்டும் போதும்னு விடாதீங்க, உள்ள நாடாவும் வேணும், எட்டு மணி நேரம் குனிஞ்சு நிமுந்தா எலாஸ்டிக் மட்டும் நிக்காது. ஒரு கொற என்னன்னா ரெண்டாவது செட்டுல கலர் ஒரு பிடி வெளுத்து இருந்துச்சு, வேற தானுல இருந்து வெட்டிருக்காங்க. கேட்டதுக்கு "ரெண்டு தண்ணி போனா எல்லாம் ஒண்ணுபோல ஆயிரும்"னு பதில். ஆவாது. இன்ஸ்டிடியூட் கலர் துணித் துண்டு ஒண்ணு கையில கொண்டு போங்க, ஒரே தானுல வெட்டுங்கன்னு முன்கூட்டியே சொல்லிருங்க. தையலோட ரெண்டு செட்டு 1,900 ரூவா ஆச்சு, எனக்கு அது அநியாயமா படல.

ஷூவுக்கு வருவோம். கண்ணாடி அலமாரியில மினுமினுன்னு வெள்ள ஷூ வரிசையா இருக்கும், அதுல பாதி அழகுக்கு மட்டும். அடிய திருப்பி பாருங்க. வழுவழுன்னு இருந்தா வச்சிருங்க. வார்டுல காலையில பினாயில் போட்டு தொடைக்கும்போதுதான் நீங்க பெட் பேன (எழும்ப முடியாதவங்களுக்கு கட்டில்லயே வைக்குத மலம், மூத்திரப் பாத்திரம்) எடுத்துட்டு நடப்பீங்க, அங்க வழுக்குனா விழுறது நீங்க மட்டும் கெடையாது. அடியில வெட்டு வெட்டா இருக்கணும், ரப்பர் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும், முன்னாலயும் பின்னாலயும் மூடி இருக்கணும். ஓட்ட ஓட்டையா காத்தோட்டம் உள்ளத காட்டுவாங்க, அந்த ஓட்ட வழியா ரத்தமோ மூத்திரமோ கால்ல இறங்கும், ஊசி விழுந்தாலும் அதுவழியா குத்தும், வேண்டாம். துணி ஷூவும் வேண்டாம், தொடைச்சா போற மாரி மேல்பாகம் வேணும்.

சாயங்காலமா போய் ஷூ எடுங்க, பகல் பூரா நடந்து கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அப்ப பொருந்துததுதான் டியூட்டிக்கும் பொருந்தும். போடப் போற சாக்ஸ போட்டுக்கிட்டே போட்டு பாருங்க. மைனிக்கு வழக்கமான அளவு இறுக்கமா இருந்துச்சு, ஒரு அளவு கூட்டி எடுத்தோம், கடைப்பையன் "அக்கா, போடப் போட லூசாயிரும்"ன்னான், ரெக்சின் ஷூ எங்க லூசாவுது, கால்தான் புண்ணாவும். இன்னொண்ணு, புதுசா வாங்குனத மொத நாளே போட்டுட்டு போவாதீங்க, வீட்டுக்குள்ளயே ரெண்டு மூணு நாள் போட்டு நடங்க. மைனி அடுக்களையில அதப் போட்டுக்கிட்டு மரச்சீனி அவிச்சாங்க, அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போய்ட்டான், புத்தி உள்ளவன். 650 ரூவா.

வாச்சு. கையில கட்டுத வாச்சுதான் பேப்பர்ல போட்டிருக்குன்னு நிறைய பேர் நெனைக்காங்க. பல ஆசுத்திரில மணிக்கட்டுல ஒண்ணும் கட்ட விடமாட்டாங்க, வளையல், கயிறு, மோதிரம், வாச்சு எதுவும். கை கழுவும்போ அதுக்கு அடியிலதான் அழுக்கு தங்கும். அதனால நெஞ்சுல குத்துத வாச்சு இருக்கு, தலைகீழா தொங்கும், நாம குனிஞ்சு பாத்தா நேரா தெரியும். கடையில அது இருக்கு, 180 ரூவா, ஆனா அவங்களா காட்ட மாட்டாங்க, கேட்டாத்தான் உள்ள இருந்து எடுப்பாங்க. செகண்ட் முள்ளு ஓடுதா, முள்ளு கலர் பளிச்சுன்னு தெரியுதா பாருங்க. நாடித் துடிப்பு எண்ணும்போ அந்த முள்ளு மேலதான் கண்ணு இருக்கும். ஒழுங்கா துடிச்சா 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்கலாம், தாளம் தப்புனா முழு நிமிஷம் எண்ணணும். மூச்சு எப்பவுமே முழு நிமிஷம். அதுவும் "உங்க மூச்ச எண்ணப் போறேன்"னு சொல்லாம எண்ணணும், சொன்னா அந்த நிமிஷமே அவங்க மூச்சு விடுதத மாத்திருவாங்க. நாடி பிடிச்ச கைய எடுக்காமலே நெஞ்சு ஏறி இறங்குதத பாத்து எண்ணிக்கிடணும், இத எனக்கு ஒரு பழைய சிஸ்டர் சொல்லித் தந்தது.

இப்ப அந்த கிட். கருப்பு பை, மேல வெள்ள எழுத்துல பேரு, 1,850 ரூவா. கடைக்காரர் சொன்ன வார்த்த, "இது இல்லாம மொத நாள் உள்ளயே விடமாட்டாங்க அக்கா." மைனி மொகம் வெளிறிட்டு. மொத நாள் வெப்ராளத்துல இருக்குத ஆளுகிட்ட இப்படி ஒரு வார்த்த சொன்னா யாரும் பர்ச திறந்துருவாங்க, அதுதான் அவருக்க வியாபாரம். நான் ஜிப்ப திறந்து ஒண்ணொண்ணா வெளிய எடுத்து வச்சேன்.

மொத வெளிய வந்தது முட்டியில தட்டுத சுத்தியல். முக்கோண ரப்பர் தலை, ஸ்டீல் கைப்பிடி. இது டாக்டர் நரம்பு பரிசோதனைக்கு. நர்சிங் அசிஸ்டன்ட் எந்தக் காலத்துலயும் இத எடுத்து யாருக்க முட்டியிலயும் தட்டப் போறதில்ல. அடுத்து ரத்தம் எடுக்க கைய கட்டுத ரப்பர். ஊசி போடுதது, ரத்தம் எடுக்குதது, டிரிப் ஏத்துதது, மாத்திர குடுக்குதது எதுவும் நம்ம வேலை கெடையாது, யாரும் சொன்னாலும் செய்யப்படாது, ஸ்டாப் நர்ஸ்தான் செய்யணும். அப்ப இது எதுக்கு. டியூனிங் ஃபோர்க் கூட இருந்துச்சுங்க, காது கேக்குதான்னு பாக்க! பெறவு ஒரு ஸ்டெதஸ்கோப், காதுல வைக்குத மொனை கட்டியான பிளாஸ்டிக், அஞ்சு நிமிஷம் வச்சா காது வலிக்கும், குழாய் மெலிசா இருக்கதுனால பக்கத்துல ஃபேன் ஓடுனா அந்த சத்தந்தான் கேக்கும். கண்ணாடி தெர்மாமீட்டர் ஒண்ணு, உள்ள பாதரசம். அது கீழ விழுந்து உடைஞ்சா வெறுங்கையால தொடவோ வாரியலால பெருக்கவோ கூடாத சாமான். டிஜிட்டல் தெர்மாமீட்டர் மெடிக்கல்ல எல்லாம் கெடைக்குத காலத்துல இத எதுக்கு இன்னும் பையில போட்டு விக்காங்கன்னு தெரியல. டார்ச்சும் கத்திரியும் பரவால்ல, இஞ்ச் டேப்பும் பரவால்ல, ஆனா அந்த மூணுக்கும் சேத்து 250 ரூவா தாண்டாது.

பிபி செட்டு தனிக்கதை. டயல் வச்ச மாடல், கஃப், அதான் கையில சுத்துத பட்டை, ஒரே ஒரு அளவு, அதுவும் சின்னது. தடிச்ச கையில சின்ன கஃப் சுத்துனா உள்ளதவிட கூட காட்டும், இல்லாத பிரஷர் இருக்குன்னு எழுதி வச்சிருவோம். வார்டுல அவங்க மெஷின் இருக்கும், அளவுக்கு தக்கன கஃப் இருக்கும், அத வச்சுத்தான் பாக்கச் சொல்லுவாங்க. வீட்டுல பழகணும்னா ஒரு நல்ல பிபி மெஷின் வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல, அண்ணனுக்கும் அது ஒதவும். ஆனா மொத நாளைக்கு தோள்ல தூக்கிட்டு போக அவசியமே இல்ல.

நாங்க கிட்டு எடுக்கல, ஆனா மைனி கிளாஸுல கூட படிக்குத ஒரு பிள்ளை அதே கடையில அதே கிட்ட எடுத்துட்டா. அவளுக்க பிபி செட்டுல பம்பு பிடிச்சு அமுக்குனா காத்து நிக்கல, வால்வ இறுக்கி பூட்டியும் முள்ளு தானா இறங்குது. நானும் கூட போனேன். "விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது"ன்னு சுவர்ல ஒட்டியிருந்த போர்ட கடைக்காரர் கைகாட்டுனாரு. இந்த எடத்துல ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பழுதான சாமான பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, பில்லுல கெடு ஒண்ணும் போடலன்னா 30 நாளைக்குள்ள திரும்ப எடுக்க மாட்டேன்னு சொல்லுததே நேர்மையில்லாத வியாபாரம்னு தெளிவா எழுதியிருக்கு. சுவர்ல என்னத்த ஒட்டுனாலும் அது மாறாது. நான் சத்தம் போடல, பில்ல காட்டி இத மட்டும் சொன்னேன், அவரு கொஞ்ச நேரம் போன்ல யார்ட்டயோ பேசிட்டு வேற செட்டு எடுத்து குடுத்தாரு. இதுல முக்கியம் என்னன்னா பில்லு. அங்க துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதி குடுக்குத பழக்கம் உண்டு, வாங்காதீங்க, சரியான பில்ல கேட்டு நில்லுங்க.

சரி, அப்ப கிட்டுக்கு பதிலா என்னத்த கொண்டு போவணும்னா, அதுக்கு மொத நாள் என்னத்த செய்யச் சொல்லுவாங்கன்னு தெரியணும். பெட் போடச் சொல்லுவாங்க. குளிக்க முடியாதவங்கள தொடைச்சு விடச் சொல்லுவாங்க, அப்ப கண்ண மொதல்ல, மூக்குப் பக்கத்துல இருந்து காதுப் பக்கமா, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியில வேற வேற மூலை. சாப்பாடு ஊட்டச் சொல்லுவாங்க, நிமித்தி உக்கார வச்சுத்தான் ஊட்டணும், ஊட்டி முடிச்ச உடனே படுக்க வைக்கப்படாது. வீல்சேர்ல ஏத்தச் சொல்லுவாங்க, மொதல்ல பிரேக்கு, அடுத்து கால் வைக்குத தட்ட மடக்குதது, ஒரு பக்கம் தளந்தவங்கன்னா சேர பலமுள்ள பக்கத்துல போடணும். எழும்ப முடியாதவங்கள ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா இடுப்புலயும் குதிங்கால்லயும் புண்ணு வந்துரும். யூரின் பேக் எப்பவும் இடுப்புக்கு கீழயே தொங்கணும், ஆள நகத்தும்போ அத தூக்கி கட்டில் மேல வச்சா மூத்திரம் திரும்ப உள்ள ஏறும். இந்த எந்த வேலைக்கும் சுத்தியல் வேண்டாம் பாத்துக்கிடுங்க.

வேணும்னா பாக்கெட்டுல அடங்குத ஒரு சின்ன நோட்டு வாங்குங்க, சுருள் கம்பி போட்டது, 20 ரூவாதான். அதுல மைனிக்கு நான் முன் பக்கத்துலயே எழுதி குடுத்தது: நாடி 60ல இருந்து 100, மூச்சு 12ல இருந்து 20, பிரஷர் 120க்கு 80, சூடு 98.6, ஆக்சிஜன் 95க்கு மேல, இதுல இருந்து எது மாறுனாலும் நீயா யோசிக்காத, சிஸ்டர்ட்ட சொல்லு. அடுத்த பக்கத்துல குப்பை கலர். மஞ்சள்ல ரத்தம் பட்ட பஞ்சு கட்டுத்துணி, செவப்புல குழாய், கையுறை, யூரின் பேக் மாரி பிளாஸ்டிக், வெள்ள டப்பாவுல ஊசி பிளேடு, நீலத்துல கண்ணாடி பாட்டில். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி இந்தியா பூரா இதே கலர்தான், அதனால எல்லைக்கு அந்தப் பக்கம் போனாலும் மாறாது. இத மட்டும் மனப்பாடமா தெரிஞ்சா மொத நாள்லயே சிஸ்டர்மாருக்கு உங்கள பிடிச்சிரும், ஏன்னா தப்பு தொட்டியில போட்டா அவங்கதான் பதில் சொல்லணும். நோட்டுல நோயாளிக்க பேரு எழுதாதீங்க, பெட் நம்பர் போதும். பஸ்ஸுல வரும்போ அந்த நோட்டு விழுந்தா யாரு எடுப்பான்னு நமக்கு தெரியாது. போட்டோவும் எடுக்காதீங்க, யூனிபார்ம் போட்ட சந்தோஷத்துல ஸ்டேட்டஸ் வைக்கணும்னா வீட்டு வாசல்லயே எடுத்துருங்க.

நகம் ஒட்ட வெட்டணும், பாலிஷ் கூடாது. முடி பின்னல் போட்டு தொங்க விடாம கொண்டையா கட்டி வலை போடணும், வலை இந்தக் கடையில 30 ரூவாய்க்கு கெடைக்கும், நல்ல வலை. கை காயாம இருக்க வாசனை இல்லாத கிரீம் ஒரு சின்ன ட்யூப், ஏன்னா சோப்பு போட்டு 40ல இருந்து 60 செகண்ட், கைல தேய்க்குத மருந்துன்னா 20ல இருந்து 30 செகண்ட்னு நாள் பூரா செஞ்சா ஒரே வாரத்துல தோல் வெடிக்கும். மல்லிப்பூ வச்சுட்டு போவாதீங்க, நம்ம ஊர்ல சொன்னா கோவப்படுவாங்க, ஆனா மூச்சுத்திணறல்ல கெடக்குதவங்களுக்கு அந்த வாசமே எதிரி.

கடையில விக்காத ஒரு முக்கியமான சங்கதி, மஞ்சக்காமால பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி. இது ஒரே நாள்ல முடியுத காரியம் இல்ல. இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, மொத ஊசியில இருந்து ஆறாவது மாசம் ஒண்ணு. கோர்ஸுல சேருத அன்னைக்கே மொத ஊசிய போட்டுருங்க. யூனிபார்ம் தைக்க காட்டுத அவசரத்த இதுக்கு யாரும் காட்டுததே இல்ல. வார்டுல ஊசி கையில குத்திட்டுன்னா அமுக்கி பிழியாதீங்க, ஓடுத தண்ணியில சோப்பு போட்டு கழுவிட்டு உடனே சிஸ்டர்ட்ட சொல்லுங்க, ஏச்சு கெடைக்கும்னு மறைக்காதீங்க, எச்ஐவிக்கான தடுப்பு மாத்திர 72 மணிக்கூருக்குள்ள தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

களியக்காவிளை தாண்டிப் போறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். காலை டியூட்டி ஏழு, ஏழரைக்குன்னா மார்த்தாண்டத்துல இருந்து நேரா திருவனந்தபுரம் போற பஸ்ஸ நம்பி நிக்காதீங்க, களியக்காவிளைக்கு ஏதாவது ஒரு வண்டியில போயி அங்க இருந்து அவங்க ஊரு பஸ்ஸ பிடிக்கது நிச்சயம். பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் ஏழு மணிக்கு முன்னால கூட்டம் கம்மி, அதுக்கு பெறவு ஸ்கூல் பிள்ளைங்க ஏறுனா நிக்க எடம் கெடையாது. யூனிபார்ம வீட்டுலயே போட்டுட்டு பஸ்ஸுல போகாம பையில கொண்டு போய் அங்க மாத்துததுதான் மொறை, வரும்போதும் அப்படித்தான், அழுக்கு யூனிபார்ம தனிக் கவர்ல கட்டி கொண்டு வந்து தனியா நனைக்கணும். மலையாளம் நமக்கெல்லாம் கேட்டு பழக்கம், பேசிரலாம், ஆனா போர்டு வாசிக்க நம்மாள்ல நிறைய பேருக்கு தெரியாது. வார்டு, லேப், எக்ஸ்ரே, பார்மசி எங்க இருக்குன்னு மொத நாளே ஒரு சுத்து சுத்தி பாத்துருங்க, ஏன்னா சாம்பிள கொண்டு போய் குடுன்னு அனுப்பிருவாங்க, நீங்க பாதி வழியில யார்ட்டயாவது கேட்டுட்டு நிப்பீங்க. வயசான பொம்பளைங்கள அம்மச்சின்னு கூப்பிட்டா அப்படியே இளகிருவாங்க, ஆனா அதுக்கு முன்னால பேரக் கேட்டு கைப்பட்டையில இருக்குத பேரோட ஒத்துப் பாக்கணும். அம்மச்சிங்கதுல ஒரு வார்டுல பத்து பேரு இருப்பாங்க.

மைனி மொத நாள் போய்ட்டு வந்து என்னத்த சொன்னாங்கன்னா, கூட வந்ததுல கிட்டோட வந்தவங்க எல்லாரும் பைய டியூட்டி ரூம்ல வச்சு பூட்டிட்டாங்களாம், சிஸ்டரே "இதொண்ணும் வேண்டா"ன்னு சொல்லிட்டாங்களாம். மைனிக்க நெஞ்சு வாச்ச பாத்து ரெண்டு பேரு எங்க வாங்குனீங்கன்னு கேட்டாங்களாம்.

கடை சர்வீஸ பத்தி சொன்னா, கூட்டம் இல்லாத நேரம் நல்லா பேசுவாங்க, அட்மிஷன் சமயத்துல போனா மொகம் குடுக்க மாட்டாங்க. ஷூவ போட்டு பாக்க உக்கார ஒரே ஒரு ஸ்டூல், அதுலயும் கணக்கு நோட்ட அடுக்கி வச்சிருப்பாங்க. ட்ரையல் ரூம் கெடையாது, தைச்ச துணிய போட்டு பாக்க அந்தத் தையல் அக்கா ரூம்லதான் கதவ சாத்திட்டு போடணும், ஆனா அவங்க சலிக்காம ரெண்டு தரம் பிரிச்சு தைச்சு குடுத்தாங்க, அதுக்கு தனியா பைசா கேக்கல. ஜிபே எடுப்பாங்க. வண்டி நிப்பாட்ட எடம் இல்ல, பாலத்துக்கு அடியில விட்டா போலீஸ் படம் பிடிப்பான், பஸ்ஸுல போங்க.

தையலுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஷூவுக்கு மூணரை, கிட்டுக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம லீவு. துணி குடுத்து ஒரு வாரத்துல கெடைக்கும், ஓணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் முன்னால குடுத்தா பத்து நாள் ஆவும், அதனால போஸ்டிங் தேதி தெரிஞ்ச அன்னைக்கே போய் அளவு குடுத்துருங்க, தையல் அக்கா செவ்வாய்க்கெழம மத்தியானம் வரமாட்டாங்க.